சேலத்து ஏரிகளில் வலசைப் பறவைகளைப் படமெடுக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமரா வாங்கிய கையோடு வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் கிளம்புகிறவர்கள் நிறைய. முதல் குளிர்காலத்தைச் சேலத்திலேயே கழியுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். பேர்பெற்ற சரணாலயத்துக்கு வருடத்தில் ஒரு தடவை போகலாம். பக்கத்து ஏரிக்கு வாரா வாரம் போகலாம். ஒரே ஏரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்குத்தான் தண்ணீர் எங்கே வற்றுகிறது, காலை வெயில் எந்தப் பக்கம் முதலில் விழுகிறது, உள்ளான் எந்தச் சேற்றில் இரை தேடுகிறது என்பதெல்லாம் பிடிபடும். பறவைப் படத்தில் முக்கால்வாசி வேலை இதுதான். கேமராவின் பங்கு அதற்கு அப்புறம் வருகிறது.

எப்போது போவது

சேலத்துக்கு வலசை வருகிறவை எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. உள்ளான், பொரி உள்ளான் போன்ற கரைப்பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே தலைகாட்டும். செப்டம்பர், அக்டோபரில் வாலாட்டிகளும் தகைவிலான்களும் சேர்ந்துகொள்ளும். வாத்துகள் நவம்பருக்கு மேல்தான். மார்ச், ஏப்ரலில் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

ஆனால் பறவை வந்துவிட்டது என்பதும் படம் கிடைக்கும் என்பதும் வேறு வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிகிற சமயத்தில் போனால் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் தவிர அதிகம் கிடைக்காது. கரைப்பறவைக்குக் கணுக்கால் நனையும் தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். தலையை முக்கி மேய்கிற வாத்துகளுக்கும் ஆழம் ஆகாது. டிசம்பர் கடைசியில் தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் நமக்கான மாதங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தட்டைவாயன், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவற்றின் ஆண்கள் வந்திறங்கும்போது பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பில் இருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிடுவதால் அப்படி. புது இறகு முளைத்து நிறம் கூடுவது குளிர்காலத்தின் நடுவில். நவம்பரில் எடுத்த வாத்துப் படத்தைப் பார்த்து "இது என்ன வாத்து?" என்று குழம்புகிறவர்கள், ஜனவரியில் அதே பறவையைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள். மஞ்சள் வாலாட்டி இன்னும் தாமதம். அதன் மஞ்சள் முழுதாக ஏறுவதற்குள் ஊர் திரும்பும் நேரம் வந்துவிடும்.

எந்த ஏரி

நகரத்துக்காரர்களுக்கு மூக்கனேரிதான் நல்ல தொடக்கம். கன்னங்குறிச்சி போகும் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். சேர்வராயன் மலையிலிருந்து வரும் தண்ணீர் தங்கும் ஏரி இது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடித் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகளில்தான் இப்போது வக்காவும் நீர்க்காகமும் கொக்குகளும் தங்குகின்றன. இங்கே ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள் அதிகம். கை பழகுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதே ஊரில் இருக்கும் புது ஏரியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

முன்பு சேலத்துக்குக் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி வேறு ரகம். பரப்பு பெரிது, சீமைக்கருவேலம் மண்டிய இடங்களும் உண்டு. நீர்ப்பறவைகளுக்காக என்றால் தண்ணீர் இருக்கும் வருடத்தில் மட்டும் போங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் முள்காட்டு ஓரங்களில் வாலாட்டியும் பஞ்சுருட்டானும் கிடைக்கும். அங்கே செருப்போடு மட்டும் போகாதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு வரும்.

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்குப் போவதென்றால் முதலில் செய்தித்தாளில் நீர்மட்டத்தைப் பாருங்கள். தினமும் போடுகிறார்கள். 120 அடியை ஒட்டி இருந்தால் பண்ணவாடிப் பக்கம் கரையே இருக்காது. மட்டம் இறங்க இறங்க மூழ்கிக் கிடந்த பழைய கோயில் நந்தி தலை தூக்கும். அதைச் சுற்றிச் சேறும் புல்லுமாக மேய்ச்சல் வெளி விரியும். ஆலாக்களும் கரைப்பறவைகளும் அங்கே வரும். அணைக்கட்டின் மேல் மட்டும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், அங்கே படமெடுக்கத் தடை இருக்கிறது.

ஏற்காடு ஏரி? படகுச் சவாரிக்கு நல்லது. குளிர்காலத்தில் ஏற்காட்டின் சிறப்பு காபித் தோட்டங்களின் நிழலில்தான் இருக்கிறது. மர நிழலில் ஈப்பிடிப்பான்களும் தரையில் ஆறுமணிக்குருவியும், ஓடை ஓரத்துப் பாறைகளில் சாம்பல் வாலாட்டியும் கிடைக்கும். அது இருட்டில் எடுக்கும் வேறொரு வித்தை. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

எங்கே நிற்பது

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

ஏரி என்பது சரிவில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த எழுப்பிய கரை. ஆகவே கரையை ஒட்டி, மதகு இருக்கும் பக்கம்தான் ஆழம். எதிர்ப்பக்கம், வாய்க்கால் வந்து சேரும் உள்வாய்ப் பகுதி தட்டையாக மேடேறும். புதியவர்கள் எல்லோரும் வண்டி போகும் கரையின் மேல் நிற்பார்கள். பறவைகள் எல்லாம் உள்வாயில் இருக்கும். நடுவில் அரை கிலோமீட்டர் தண்ணீர். "என் லென்ஸ் பத்தவில்லை" என்ற புலம்பலில் பாதி இப்படிப் பிறப்பதுதான். வண்டியை விட்டு இறங்கி, உள்வாய்ப் பக்கம் சுற்றி நடந்து போனால் 300 மி.மீ. லென்ஸே போதும் என்கிற தூரத்தில் பறவை இருக்கும்.

அடுத்து வெயில். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கே சாய்ந்தே போய், தென்மேற்கில் இறங்குகிறது. வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும், பறவையின் முகத்தில் விழ வேண்டும். அப்படியானால் காலையில் ஏரியின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்ப்பது நல்லது. மாலையில் தென்மேற்கு ஓரம். தெற்கே நின்று வடக்கே பார்த்தால் பகல் முழுக்கவே வெளிச்சம் சாதகமாக இருக்கும். கன்னங்குறிச்சி ஏரிகளில் இதற்கு ஒரு கூடுதல் பலனும் உண்டு: வடக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. பறந்து போகும் கூழைக்கடாவுக்கு வெறும் வெள்ளை வானத்தைவிட அந்த நீலப் பின்னணி எவ்வளவோ மேல். ஆனால் தரை மலையிலிருந்து தெற்கே சரிகிறது. அதனால் தெற்குப் பக்கம் ஆழமாகவும் பறவை தூரமாகவும் இருக்கும். மலையோடு சேர்த்துப் பெரிய காட்சி வேண்டுமா, பறவையின் கண் தெரியும் படம் வேண்டுமா என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆசைப்பட்டு ஏரியைச் சுற்றி ஓடினால் இரண்டும் போய்விடும்.

மூன்றாவது காற்று. பறவை இறங்கும்போதும் எழும்பும்போதும் காற்றை எதிர்த்துத்தான் செய்யும். நம் ஊரில் இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே கிழக்கு ஓரத்தில் நிற்கிறவருக்கு வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். இறங்க வருகிற வாத்து தானாகவே உங்கள் பக்கம் முகம் காட்டும். மாலையில் இந்தப் பொருத்தம் உடைந்துபோகும். வெயில் ஒரு பக்கம், காற்று இன்னொரு பக்கம் என்றாகிவிடும். பறக்கும் படத்துக்குக் காலையே சிறந்தது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

காலை வேலை, படிப்படியாக

ஜனவரியில் சேலத்தில் சூரியன் எழும்போது மணி ஆறு நாற்பது ஆகிவிடும். அதற்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு நீங்கள் நடந்து போனால் பறவைகள் விலகும். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் உருவத்தை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இருட்டில் கரையோரப் புல்லில் டார்ச் அடித்து, காலைத் தட்டி வைத்து நடங்கள். கண்ணாடி விரியன் நடமாடும் இடங்கள் இவை.

போனதும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். விடிவதற்கு முன்பே பரிசலில் வலை எடுக்க வந்திருப்பார்கள். "அண்ணா, எந்தப் பக்கம் தண்ணி வத்தியிருக்கு, வாத்து எங்க உக்காருது?" என்று கேட்டால் போதும், எந்தச் செயலியும் தராத தகவல் கிடைக்கும். பரிசல் எந்தப் பக்கம் போகப் போகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது போகும் பக்கத்திலிருந்து பறவை எழும்பி மறுபக்கம் வரும். நீங்கள் மறுபக்கம் இருக்க வேண்டும்.

உட்காரும் இடத்தைத் தேர்ந்த பிறகு உயரத்தைக் குறையுங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் உள்ளான் சேற்றில் ஒட்டிவைத்தது மாதிரி வரும். கேமரா பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரமாகி மங்கிவிடும், பறவை தனித்து எழும். குப்புறப் படுப்பதே உத்தமம். நம் ஏரிக்கரைகளில் படுப்பதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்துக்கொள்ளுங்கள், வேறென்ன சொல்ல. முக்காலி தேவையில்லை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால் துணியைத் தைத்து அரிசியை நிரப்பினால் லென்ஸுக்கு நல்ல தலையணை. அதைத் தரையிலும் வைக்கலாம், கார் ஜன்னலிலும் வைக்கலாம்.

அப்புறம் காத்திருப்பது. சேற்றோரம் இரை தேடும் பறவை ஒரே பாதையில் போய்ப் போய்த் திரும்பும். அது போகும் திசையை ஐந்து நிமிடம் பாருங்கள். அது வந்து சேரப்போகும் இடத்துக்கு நீங்கள் முன்னாலேயே தவழ்ந்து போய்ப் படுத்துவிட்டால், அதுவே உங்களை நோக்கி வரும். பொரி உள்ளான் இப்படிக் கிட்டே வந்து, கேமராவோடு சேர்ந்து வரும் சின்ன கிட் லென்ஸ் வைத்திருப்பவருக்குக்கூடப் படம் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. துரத்தினால் ஒருபோதும் கொடுக்காது.

ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் தூரத்துப் படங்களை நிறுத்திவிடுங்கள். தரை சூடாகி மேலே எழும் காற்று நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் தூரத்துப் பறவை பிசிறடித்தே வரும். லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டத்துப் பறவை இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் டீக்கடைக்குப் போகலாம்.

கேமரா அமைப்பு

அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, இரை தேடி ஓடும் பறவைக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. தகைவிலானுக்கு அதுவும் பற்றாது, 1/3200 வரை போகலாம். லென்ஸின் துளையை அது அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து வையுங்கள். 150-600 மாதிரியான லென்ஸில் முழு நீட்டத்தில் துளையின் அளவு எஃப் 6.3 வரும், அது போதும். வெளிச்சத்தை கேமரா எவ்வளவு உணர வேண்டும் என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். மணல் மணலாக வந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்ய முடியும், அசைந்து கலங்கிய படத்தை முடியாது. கவனக்குவிப்பைத் தொடர் நிலையில் வையுங்கள். புதிய கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானே தேடும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நாணல் குறுக்கே வந்தால் அது ஏமாறும்.

வெளிச்ச அளவில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். கருத்த தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், தண்ணீரின் இருட்டைப் பார்த்துவிட்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெளுத்துப்போய் இறகின் வரியே தெரியாது. அங்கே வெளிச்ச ஈடுசெய்தலை மைனஸ் பக்கம் முக்கால், ஒன்று என்று இறக்குங்கள். மங்கல் வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர் எதிர், ப்ளஸ் பக்கம் ஒன்று ஏற்றுங்கள். நெடுங்கால் உள்ளான் இரண்டு நிறத்தையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறது. அதற்கு வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் சரி. கறுப்பைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். கேமரா திருத்தாமல் தரும் ரா கோப்பாக எடுத்தால் இந்தத் தூக்கலுக்கு இடம் நிறைய.

பணம் குறைவாக இருந்தால்? லென்ஸுக்கு முன் 8×42 பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள் என்பேன். பறவையைப் பார்க்கக் கற்காதவர் கையில் 600 மி.மீ. லென்ஸ் இருந்தும் பயனில்லை. கையில் செல்போன் மட்டும் இருக்கிறதா, அதே பைனாகுலரின் கண்ணாடியில் போன் கேமராவைப் பொருத்தி எடுத்தால் பறவையை அடையாளம் காண்கிற அளவுக்குப் படம் வரும். லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமராவும் மோசமில்லை, விடிகாலை மங்கலில் மட்டும் திணறும்.

அடையாளத்துக்கும் சில படங்கள்

அழகான படத்துக்குப் பக்கத்தில் பறவையின் பெயரைச் சொல்ல உதவும் படமும் வேண்டும். கரைப்பறவைகள் தூரத்தில் எல்லாம் ஒன்று போலவே பழுப்பு. உள்ளானுக்குத் தோளருகே வெள்ளை மேலேறியிருக்கும், பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டும். பொரி உள்ளானுக்கு முதுகில் பொரி தூவிய மாதிரிப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயலில் கால். பட்டாணி உப்புக்கொத்தியைக் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமே காட்டிக்கொடுக்கும். பச்சைக்காலிக்கும் பவளக்காலிக்கும் பெயரிலேயே விடை இருக்கிறது. ஆகவே கால் நிறம் தெரிகிற ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், எழும்பும்போது இறக்கையும் வாலின் அடியும் தெரிகிற ஒன்று என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலங்கினாலும் பரவாயில்லை, அழித்துவிடாதீர்கள்.

தொந்தரவு எங்கே தொடங்குகிறது

சைபீரியக் காடுகள் வரைக்கும் திரும்பிப் பறக்க வேண்டிய பறவைக்கு நம் சேற்றில் கிடைக்கும் புழுதான் எரிபொருள். நல்ல படம் வேண்டி ஒரு கூட்டத்தை எழுப்பிவிடுகிறவர், அது காலையெல்லாம் தின்றதை வீணாக்குகிறார். கல்லெறிவது, கைதட்டுவது, ட்ரோன் விடுவது எதுவும் வேண்டாம். பறவை எழும்புவதற்கு முன்பே சொல்லிவிடும்: தின்பதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், தலையை மேலும் கீழும் ஆட்டும், நடந்து விலகும். கழுத்து நீண்டதுமே நீங்கள் அசையாமல் நின்றுவிட்டால் மறுபடி மேயத் தொடங்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட்டின் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

மனிதர்களைப் பற்றியும் ஒன்று. ஏரிக்கரைகளில் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். நீளமான லென்ஸோடு அந்தப் பக்கம் திரும்பி நிற்பது, பறவையைத்தான் பார்க்கிறீர்கள் என்றாலும், நல்லதில்லை. படித்துறைக்கு எதிரே உட்காராதீர்கள். யாராவது கேட்டால் எழுந்து போய் எடுத்த படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி "இது எந்த ஊர்ப் பறவை?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் அவரே உங்களைக் கூப்பிட்டு, நேற்று இறங்கிய கூட்டத்தைக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே பாருங்கள், அன்றே கழியுங்கள். ஒரே பறவையின் நாற்பது படங்களில் கண் கூர்மையாக இருப்பவற்றை மட்டும் வையுங்கள். தண்ணீர்க் கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள். பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் அதிக இடம் விட்டு வெட்டுங்கள். நிறத்தைக் கூட்டும் பட்டியை மட்டும் தயவுசெய்து தொடாமல் இருங்கள். நீலச்சிறகியின் சாம்பல் நீலம் பண்டிகைச் சட்டை நிறமாக மாறிய படங்கள் போதுமான அளவுக்கு உலவுகின்றன.

தேதி, நேரம், ஏரியின் பெயர் ஆகியவற்றோடு பார்த்த பறவைகளை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், படத்தையும் சேர்த்து. பெயர் தெரியாததைத் தெரியாது என்றே போடலாம், அனுபவமுள்ளவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதே தளத்தில்தான் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று எண்ணினால் போதும், கேமராகூட வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கும்போது பறவையின் காலையும் ஒரு பார்வை பாருங்கள். ஆய்வாளர்கள் மாட்டிய உலோக வளையமோ நிறப்பட்டையோ இருக்கலாம். அப்படித் தெரிந்தால் எழுத்து, எண், எந்தக் காலில் எந்த நிறம், முழங்காலுக்கு மேலேயா கீழேயா என்று குறித்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள். அந்தப் படத்தை மட்டும் வெட்டாமல், திருத்தாமல், எடுத்தது எடுத்தபடியே அனுப்ப வேண்டும்.